பாடாங்ல இவ்ளோ வேர்த்தும் ஆட்டம் ஏறலயா? ஃபுட்பால் டிரில்லுல நடக்குற தப்புங்க

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எந்த தோட்டத்து பாடாங், அதான் திடல், வழியா போனாலும் இதத்தான் பாக்கலாம், பதினஞ்சு பசங்க ஒரே வரிசையா நிப்பாங்க, முன்னாடி ஆறு கோன், ஒருத்தன் பந்த உருட்டிக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு போய்ட்டு வருவான், மத்த பதினாலு பேரும் இடுப்புல கைய வச்சுக்கிட்டு கத பேசிட்டு இருப்பாங்க. ஒரு மணி நேரம் இப்படியே ஓடும். கணக்கு போட்டு பாருங்க, ஒரு ஆளு கால்ல பந்து இருந்தது நாலே நாலு நிமிஷம், மிச்ச 56 நிமிஷமும் கொசுக்கு ரத்த தானம்.

இந்த வரிசைதான் பெரிய தப்பு. பந்து எத்தன தடவ கால்ல படுதோ அந்த அளவுக்குத்தான் கால் பழகும், அதனால மூணு பேரு நாலு பேரா பிரிச்சு விட்ருங்க. பந்து பத்தலன்னா ரோண்டோ போடுங்க, நாலு பேரு சுத்தி நிக்கணும், ரெண்டு பேரு நடுவுல பறிக்கணும், இடம் எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் போதும், ஆறு பேருக்கு ஒரு பந்துதான், ஆனாலும் யாரும் சும்மா நிக்க முடியாது. பார்சிலோனா காரங்க தெனம் பண்றது இதத்தான், இதுக்கு செலவே கெடையாது.

அடுத்தது அந்த கோன். கோன் கால நீட்டாது, தோள்ல இடிக்காது, பின்னாடி ஓடி வராது. சின்ன பசங்களுக்கு பந்து பழக்கம் வர்றதுக்கும் வார்ம் அப்புக்கும் சரி, ஆனா பதினாலு வயசு பையன் வருஷம் பூரா கோனையே சுத்துனா குனிஞ்ச தலையோட ஓடுறதுக்குத்தான் பழகுவான், மாட்ச்ல எதிர்ல ஆள் வந்ததும் எந்த பக்கம் போறதுன்னு தெரியாம பந்த குடுத்துட்டு நிப்பான். அதுக்கு பதிலா நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு பாதை மாதிரி கோடு போட்டு ஒருத்தனுக்கு ஒருத்தன் விடுங்க, தாண்டுனா ஒரு பாயிண்ட்.

தலைய தூக்கி பாக்குறதுன்னு சொன்னா பார்சிலோனாவுல நடுவுல ஆடுன ஷாவி ஞாபகம்தான் வரும். பந்து வர்றதுக்கு முன்னாடியே அந்தாளு கழுத்து ரெண்டு பக்கமும் திரும்பிக்கிட்டே இருக்கும், அதனாலதான் எல்லாரையும் விட ஓடுறதுல ஸ்லோவா தெரிஞ்சாலும் அவருகிட்ட இருந்து யாராலயும் பந்த எடுக்க முடியல. இத பழக்க சுலபமான வழி இருக்கு, பாஸ் வாங்குறவன் பின்னாடி ஒருத்தன் நின்னு வெரல காட்டணும், பந்து கால்ல படுறதுக்குள்ள திரும்பி பாத்து எத்தன வெரல்னு சத்தமா சொல்லணும், சொல்லலன்னா பாஸ் கணக்குல வராது.

நம்ம ஊருல மட்டும் அதிகமா பாக்குற ஒன்னு இருக்கு. வாரம் பூரா ஃபுட்சால் கோர்ட்ல ஆடிட்டு சனிக்கிழம பாடாங்குக்கு வருவாங்க, வர்ற பந்த எல்லாம் உள்ளங்கால்ல மிதிச்சு நிறுத்துவாங்க. ஃபுட்சால் பந்து 4ஆம் நம்பர், அதிகமா துள்ளாது, தரையும் வழவழன்னு இருக்கும், அங்க அது சரியான டெக்னிக்தான். மேடும் பள்ளமுமா இருக்குற பாடாங்ல, அதுவும் மாடு மேஞ்ச பாடாங்ல, அஞ்சாம் நம்பர் பந்த அப்படி மிதிக்க போனா தவறிடும், தவறலன்னாலும் நின்னு போன பந்துகிட்ட எதிராளி வந்து சேந்துருவான். பாதத்தோட உள்பக்கத்தால அடுத்து போகப்போற பக்கமா ஒரு மீட்டர் தள்ளி விட பழகுங்க. யூடியூப்ல பாத்த ரெயின்போ எலாஸ்டிகோ வித்தையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்.

பந்தையும் கவனிங்க. மோட்டர் கடையில குடுத்து கல்லு மாதிரி காத்தடிச்சு எடுத்துட்டு வர்றாங்க, சட்டப்படி 0.6ல இருந்து 1.1 அட்மாஸ்பியர்தான், கேஜ்ல 8.5ல இருந்து 15.6 பி.எஸ்.ஐ. எட்டு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் 4ஆம் நம்பர் பந்தே போதும், பெரிய பந்த குடுத்தா கால் வலிக்குதேன்னு ஒதைக்கிற ஸ்டைலே மாறிடும். சின்ன பசங்கள வரிசையா நிக்க வச்சு ஹெட்டிங் அடிக்க விடாதீங்க, இங்கிலாந்துலயே 2020ல இருந்து ஆரம்பப் பள்ளி வயசு பசங்களுக்கு டிரெய்னிங்ல ஹெட்டிங் வேணாம்னு சொல்லிட்டாங்க.

ஷூட்டிங்னு சொன்னா எல்லாருக்கும் குஷி, பெனால்டி பெட்டிக்கு வெளிய பந்த அழகா வச்சு, பின்னாடி நடந்து போய், ஓடி வந்து ஒதைப்பாங்க. ஃப்ரீகிக்க விட்டா மாட்ச்ல எவன் பந்த அப்படி வச்சு குடுப்பான்? பாதிக்கு மேல கோலு அந்த பெட்டிக்குள்ள இருந்துதான் வருது, அதுவும் ஒரு டச் ரெண்டு டச்சுல. சைடுல இருந்து உருண்டு வர்ற பந்த அடிக்க பழகுங்க, இடது காலுக்கும் பாதி நேரம் குடுங்க. இதுல பாவம் கீப்பர்தான், மூச்சு விட நேரம் இல்லாம அடி வாங்கிக்கிட்டு இருப்பான். ஸ்பைடர்மேன் ஆறுமுகம் மாதிரி கீப்பர் இனிமே வருவானான்னு மாமாக் சாப்பாட்டுக் கடையில மணிக்கணக்கா பேசுறோம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு தகுதி வாங்குன மலேசியா டீமோட கீப்பர் அவரு, ஆனா நம்ம பாடாங்ல கீப்பருக்குன்னு தனியா பத்து நிமிஷம் எவன் ஒதுக்குறான் சொல்லுங்க.

வந்ததும் பத்து ரவுண்டு ஓட சொல்ற பழக்கத்தையும் விடணும். களைச்சு போன காலு புதுசா எதையும் கத்துக்காது, டெக்னிக் டிரில்ல மொதல்ல முடிங்க, ஓட்டத்த கடைசியில வைங்க. வார்ம் அப்புக்கு ஃபிஃபா 11+ இருக்கு, மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிஷம் ஆகும், காயம் கொறையும்னு ஆராய்ச்சியிலயே நிரூபிச்சது. ஒடம்பு சூடாகாம நின்ன எடத்துல குனிஞ்சு கால்வெரல புடிக்கிறத விட இது எவ்ளவோ மேல்.

மழ வந்தா ஆடலாம், இடி இடிச்சா ஆடக்கூடாது. பசங்க செம்பனை மரத்தடிக்கு ஓடுவாங்க, விடாதீங்க, கட்டடத்துக்குள்ளயோ காருக்குள்ளயோதான் நிக்கணும். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிஷம் ஆனதுக்கு அப்புறம்தான் பாடாங்ல கால் வைக்கணும், அதுவரைக்கும் தோட்டத்து ஹால் தொறந்திருந்தா செவத்துல பாஸ் அடிக்க சொல்லுங்க, வலது கால்ல ஒன்னு, இடது கால்ல ஒன்னு.