திரைக்குப் பின்னால் இருந்து தொடங்குங்கள்: சினிமா மாணவர்களுக்கு ஒரு செய்முறை

சினிமா படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வேலைகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள்: ஓர் ஆய்வு, அதையொட்டி ஒரு குறும்படம். பலரும் இரண்டையும் தனித்தனியாகச் செய்துவிட்டுக் கடைசி வாரத்தில் ஒட்டுப் போடுவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான். ஆய்வு நூலகத்தில், படம் ஒரு காதல் கதை. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மதிப்பெண்ணும் அதற்கேற்றபடியே வந்தது. அடுத்த தடவை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் நாங்கள் செய்ததை இங்கே சொல்கிறேன்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"மலேசியாவில் தமிழ் சினிமா" என்பது தலைப்பு இல்லை, ஆயுள் தண்டனை. "எங்கள் ரப்பர் தோட்டத்துத் திடலில் படம் காட்டியபோது யார் எங்கே உட்கார்ந்தார்கள்?" இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இன்னும் கோயில் வாசலிலும் ஒட்டுக்கடையிலும் இருக்கிறார்கள். நடந்து போகிற தூரத்தில் பதில் கிடைக்கிற கேள்வியாகப் பார்த்து எடுங்கள்.

2. பெரியவர்களிடம் பேசுங்கள்

"எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம் தம்பி" என்றுதான் வரும். வருஷத்தைக் கேட்காதீர்கள். "டிவி வருவதற்கு முன்னாலா? மே கலவரத்துக்கு அப்புறமா? அப்போது பெரியம்மா பிறந்தாச்சா?" என்று கேளுங்கள். இங்கே டிவி வந்தது 1963 கடைசியில், இனக் கலவரம் நடந்தது 1969 மே மாதம். இரண்டு மூன்று பதிலில் காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

படத்தைப் பற்றி மட்டும் கேட்டால் கதைச் சுருக்கம் சொல்லி முடித்துவிடுவார்கள். பாய், கொசு, இடச்சண்டை இதையெல்லாம் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோது, பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, ஒரு தாத்தா சொன்னார் (கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்):

"முன்னாடி கிராணி வீட்டு நாற்காலி. அதுக்குப் பின்னாடி பாய். நாங்க பொடிப் பசங்க, திரைக்கு அந்தப் பக்கம் போயிருவோம். எங்களுக்கு எல்லாக் கதாநாயகனும் இடது கையாலதான் கத்தி சுத்துவான்."

துணி மெல்லியது, வெளிச்சம் ஊடுருவும், பின்னால் இருப்பவனுக்குப் படம் இடம் வலம் மாறித் தெரியும். எழுத்தும் திரும்பித்தானே தெரியும் என்றேன். "நேரா இருந்தாலும் அப்போ எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று சிரித்தார். எங்கள் ஆய்வும் படமும் அந்த ஒரு வரியில்தான் பிறந்தன.

3. சரிபாருங்கள்

நினைவு சாட்சிதான், தீர்ப்பு இல்லை. சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளத்தில் இருக்கின்றன. சினிமா விளம்பரங்களைத் தேடுங்கள். தோட்டத்துத் திடலில் காட்டிய தேதி அதில் இருக்காது. ஆனால் நகரத்துக் கொட்டகையில் படம் எப்போது ஓடியது என்று தெரிந்தால், தாத்தா சொல்லும் காலம் பொருந்துகிறதா என்று பார்த்துவிடலாம்.

இன்னொன்று. காட்டியது யார் என்று கட்டாயம் கேளுங்கள். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள், அதை அடுத்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டுகளில் மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த அரசாங்கப் படங்களையும் வேனில் கொண்டுவந்து தோட்டங்களில் காட்டினார்கள். பாட்டுக்கும் சண்டைக்கும் போய் உட்கார்ந்த கூட்டமும், அரசாங்கச் செய்திக்கு உட்கார்ந்த கூட்டமும் ஒன்றாகிவிடாது. இதைக் கலந்து எழுதினால் ஆய்வு கெட்டது.

ஒரு நோட்டில் ஒவ்வொரு சான்றுக்கும் இரண்டு வரி எழுதி வையுங்கள். எங்கே கிடைத்தது, எதற்கு உதவியது. தள்ளிவிட்டவற்றையும், ஏன் தள்ளினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்கள் அதைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

4. படம் பிடியுங்கள்

கைப்பேசி போதும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு கணக்கில் வைத்தால் டியூப் லைட் மினுங்கி மானத்தை வாங்கும். ஒலிக்கு இன்னொரு கைப்பேசியைப் பேசுபவரின் சட்டைப் பையில் போடுங்கள், ஏரோபிளேன் மோடில். மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் முதல் பேட்டி முழுக்க விசிறியும், தகரக் கூரையில் மழையும்தான் பேசின. மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்பதால் அடுத்ததைக் காலை ஒன்பது மணிக்கே வைத்துக்கொண்டோம்.

கண்டுபிடித்த விஷயம் ஒரு காட்சியாகவாவது மாற வேண்டும். பழைய படம் எதையும் நாங்கள் போடவில்லை, உரிமைச் சிக்கல் வரும். சித்தப்பா மகன் வலது கையால் சிலம்பம் சுற்றுவதை எடுத்து, இரவல் புரொஜெக்டரில் திடலில் ஓட்டி, துணிக்குப் பின்னால் கேமராவை வைத்தோம். எடிட்டிங்கில் புரட்டியிருக்கலாம்தான். ஆனால் துணி காற்றில் ஆடியபோது கம்பும் வளைந்ததே, அது எந்த ஆப்பிலும் வராது.

5. கொடுப்பதற்கு முன் அவர்களிடம் காட்டுங்கள்

தாத்தாவிடம் போட்டுக் காட்டினோம். அமைதியாகப் பார்த்தார்.

"தம்பி, திரை இப்படி ஒரே துணியா இருக்காது. நடுவுல தையல் இருக்கும். அவன் மூஞ்சி அதுல வர்றப்போ ரெண்டா பிளந்து தெரியும்."

மறுநாள் அத்தை இரண்டு பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். இருட்டினதும் திடலுக்குப் போய் மறுபடியும் எடுத்தோம்.