பின்னட்டைக் குறிப்பு எழுதுவது எப்படி

பக்கமெல்லாம் கோத்து முடிந்திருக்கும், அட்டையும் தயாராக இருக்கும். பின்னட்டையில் மட்டும் ஓரிடம் காலியாக நிற்கும். நூலாசிரியர் குறிப்புக்கு விட்ட இடம் அது. கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "என்னைப் பத்தி எழுத என்னங்க இருக்கு, நீங்களே நாலு வரி போட்டுடுங்க."

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தட்டச்சு, நகல், பக்க வடிவமைப்பு என்று கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. சுற்றுவட்டாரத் தோட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் தங்கள் கவிதையையும் கதையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி என்னிடம் கொண்டுவருகிறார்கள். அந்த நாலு வரியை அவர்களோடு உட்கார்ந்து எழுதி எழுதி எனக்குப் பிடிபட்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில் பட்டத்தையும் விருதையும் ஓரமாக வையுங்கள். என்ன வேலை செய்து குடும்பம் நடத்தினார் என்று கேளுங்கள்.

ஓர் அக்கா சிறுகதைத் தொகுப்பு கொண்டுவந்தார். அவர் எழுதித் தந்த குறிப்பு இவ்வளவுதான்: "ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. சிறுவயது முதல் எழுத்தில் ஆர்வம் உள்ளவர்." இரண்டாவது வாக்கியம் எந்த எழுத்தாளர் பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்தும், அதனால் அடித்துவிட்டேன். முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எத்தனை வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டுனீங்க? நாளைக்கு எத்தனை மரம்? எத்தனை மணிக்குப் பெரட்டு, அதான் காலையில பேர் கூப்பிடுறது?

வாங்கி வைத்த தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறி ஆடை கட்டிவிட்டது, அவர் பேச்சு நிற்கவில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழம் போனால் மரத்தில் காயம் விழும், பட்டை அந்த இடத்தில் முண்டு முண்டாக வளரும், பிறகு அங்கே கத்தி ஓடாது. என் மேசையில் கிடந்த சுருட்டிய அட்டையை நிமிர்த்தி வைத்து, ஸ்கேலைக் கத்தியாகப் பிடித்து, இடது மேலிருந்து வலது கீழாக ஒரே இழுப்பில் இழுத்துக் காட்டினார். "கை தனியா போவக் கூடாது தங்கச்சி, உடம்போட சேந்து மரத்தச் சுத்தி வரணும்."

அப்போதுதான் அவர் கதைகளில் ஒரு சொல் கூட அதிகமாக இல்லாதது ஏன் என்று எனக்கு விளங்கியது. குறிப்பு இப்படி ஆயிற்று: "சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் 26 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பால் இறங்கக் காத்திருக்கும் நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிய கதைகள் இவை. அந்தத் தோட்டம் இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) காடு. இது அவருடைய முதல் தொகுப்பு."

தொழிலை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெரியவர்களைக் காட்டுவேன். நாவலாசிரியர் ப. சிங்காரம் சின்ன வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர், பிறகு மதுரையில் தினத்தந்தியில் பணிசெய்தவர். போர்க்கால மேடானும் பினாங்கும் அவர் நாவலில் தெருத் தெருவாக நிற்பதற்கு அந்தக் கடை வாழ்க்கை காரணம். கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு வானொலியில் இருந்து, பிறகு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அதே பீடோங்கில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியத்தின் அப்பா மருத்துவமனையில் துணி வெளுத்தவர். இதையெல்லாம் சொன்னால் எதிரில் இருப்பவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அடுத்து ஓவியர். இவரைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள், நானும் மறந்திருக்கிறேன். ஒரு சிறுவர் பாடல் நூலில் படம் வரைந்த அண்ணன் பெயர் எங்குமே இல்லாமல் அச்சாகி வந்துவிட்டது. வடிவமைத்தது நான், பிழை என்னுடையது. பெயரை ஒட்டுத்தாளில் அச்சடித்து முந்நூறு படியிலும் என் கையால் ஒட்டினேன். அன்றிலிருந்து ஓவியர் பெயரும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் உள்தலைப்புப் பக்கத்தில் ஏறாமல் முதல் பக்கத்தைக் கோப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அந்த அண்ணன் கடைப் பெயர்ப்பலகை எழுதியவர். வினைல் பேனர் வந்து அந்த வேலை போனதும் கோயில் சுதைக்கு வண்ணம் தீட்டப் போனார். பலகை எழுதினால் எதிர்ச் சாரிக்குப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த எழுத்தைத் தொடுவாராம். பாடல் நூலின் படங்களையும் சுவரில் மாட்டிவிட்டு வாசற்படியில் நின்று பார்த்தார். ஓவியரிடம் இப்படிப்பட்ட பழக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கூடத்தில் ஓவியம் படித்தாரா என்பது பிறகு. நம் பேராக்காரர், கார்ட்டூன் ஓவியர் லாட், 1951இல் பிறந்தவர், நாளிதழில் கார்ட்டூன் வரைய இடமில்லாமல் குற்றச்செய்தி நிருபராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார்.

மொழிபெயர்ப்பாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை இரண்டு. மூலத்திலிருந்து நேராகச் செய்தாரா, ஆங்கிலம் வழியாகவா? அந்த மொழி அவருக்கு எப்படி வந்தது? எழுத்தாளர் பாவண்ணன் கர்நாடகத்தில் தொலைபேசித் துறைப் பொறியாளராக இருந்தபோது கன்னடம் கற்று மொழிபெயர்க்க வந்தவர். அந்த ஒரு வரியே வாசகருக்கு எவ்வளவு சொல்கிறது!

மலாய்ச் சிறுகதைகளைத் தமிழாக்கிய ஓர் ஐயா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சாட்சி "நான் பாத்தேன்" என்றால் இவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும், "அவர் பார்த்தாராம்" என்று மாற்றக் கூடாது. சாட்சி திக்கினால் அதை அழகுபடுத்தவும் கூடாது. தமிழில் "நாம்", "நாங்கள்" என்று இரண்டு இருப்பதுபோல மலாயிலும் "கித்தா", "காமி" என்று இரண்டு. பேச்சில் மலாய்க்காரர்கள் பல நேரம் இரண்டுக்கும் "கித்தா"வே சொல்லிவிடுவார்கள். "போனது யார் யார், கேட்டுக்கிட்டு இருக்கிறவனும் அதுல சேர்த்தியான்னு தெரியாம ஒரு வாக்கியத்த விடமாட்டேம்மா" என்றார். கதையில் ஒரு மகன் அம்மாவிடம் சொல்லும் "கித்தா"வை "நாம்" என்பதா "நாங்கள்" என்பதா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறார். இதைக் குறிப்பில் போட்டோம், நீதிமன்றத்தில் பணியாற்றிய ஆண்டுகளோடு.

அளவு எண்பது சொல்லுக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும், வயதானவர்கள் படிக்க முடியாது. ஓர் ஊர்ப் பெயர், ஓர் எண், ஒரு வேலை இருந்தால் போதும். "இலக்கியச் செம்மல்", "பன்முகத் திறமையாளர்" எல்லாம் வேண்டாம். வீட்டு முகவரி, அடையாள அட்டை எண், பிள்ளைகள் பெயர் போடாதீர்கள். பெயரின் ரூமி (மலாய் எழுதும் ஆங்கில எழுத்து) எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தேசிய நூலகத்தில் கொடுத்ததும் அட்டையில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். புனைபெயர் என்றால் எது எங்கே வரவேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

கடைசியாகக் குறிப்பை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். தானே படித்தால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். காதால் கேட்டால் இடிக்கிற இடம் தெரியும். அக்காவுக்குப் படித்தபோது "இருபத்தாறு இல்ல, இருபத்தேழு. ஆயாக்கொட்டகையில, அதான் தோட்டத்துப் புள்ளைங்களப் பாத்துக்குற எடத்துல, புள்ளயப் போட்டுட்டுப் போன மொத வருசத்தயும் சேத்துக்க" என்றார். சேர்த்தேன். திருத்திய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அச்சுக்கு அனுப்புங்கள். புத்தகம் வந்ததும் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டிய ஐந்து படிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கட்டுங்கள்.