சாரணர் முகாமில் பெரியவர்கள் கை வைக்கக் கூடாத வேலைகளும் கை விடக் கூடாத வேலைகளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துச் சாரணர் படை ஒன்று வார இறுதி முகாமுக்குப் போனால் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது: அப்பாமார் கூடாரம் அடிக்கிறார்கள், அம்மாமார் பெரிய சட்டியில் பிரியாணி கிளறுகிறார்கள், பிள்ளைகள் யார் கண்ணும் படாமல் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். வேலைப் பங்கீடு அப்படியே தலைகீழ். கூடாரமும் சமையலும் பிள்ளைகளுடையவை. நீர், நெருப்பு, மின்னல் மூன்றும் பெரியவர்களுடையவை. சாரணர் குழுக்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்திலிருந்தே கிளைக்கின்றன.

அணித்தலைவரை அலங்காரமாக வைப்பது

பதினொன்று முதல் பதினேழு வயது வரையிலான சாரணர்கள் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாக இயங்க வேண்டும். அணிக்கு ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர். பல குழுக்களில் அணித்தலைவரின் வேலை கொடி பிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. என்ன விளையாட்டு, என்ன சமையல், எந்த மலை என்று எல்லாவற்றையும் சாரே தீர்மானிக்கிறார். அப்படி வளர்ந்த அணி, சார் அரை மணி நேரம் தாமதமாக வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அணித்தலைவர்களின் கூட்டத்தை மாதம் ஒருமுறையாவது நடத்துங்கள். பெரியவர் அதில் ஓரமாக உட்காரலாம். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் ‘கூடாது’ என்று சொல்லும் உரிமையை வைத்துக்கொண்டு, மற்றதில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் மோசமான சாப்பாட்டுப் பட்டியல் போட்டால் போடட்டும். ஒரு நாள் உப்பில்லாத சோறு தின்றால் அடுத்த முறை உப்பை யாரும் மறக்க மாட்டார்கள். குருளையர் எனப்படும் ஏழு முதல் பத்து வயதுச் சிறுவர் பிரிவுக்கு இவ்வளவு சுதந்திரம் பொருந்தாது. அவர்களுக்குச் சிறு சிறு பொறுப்புகள் போதும்.

கயிறும் கட்டும்

முடிச்சுப் போட்டி வைத்து, பன்னிரண்டு முடிச்சுகளை நொடிக்கணக்கில் போட வைப்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை, பயனும் அதிகம் இல்லை. எந்த முடிச்சு எங்கே உதவாது என்பதுதான் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ரீஃப் முடிச்சைக் கட்டுத்துணி முடியவும் மூட்டை கட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்கும் இரண்டு கயிறுகளை அதால் இணைத்தால், ஒரு முனை பக்கவாட்டில் இழுபட்டதும் முடிச்சு புரண்டு வழுக்கிவிடும். தடிமன் வேறான கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட். ஆளைச் சுற்றிக் கட்டும் வளையம் இறுகக் கூடாது என்றால் போலைன்.

கழிகளைக் கயிற்றால் பிணைத்து மேசை போன்றவை கட்டுவதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, குறுக்குக் கழி தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்திலும், விலகி நிற்கும் இடத்திலும் ஒரே மாதிரி கட்டுவது. செங்குத்தாகத் தொட்டு நிற்பவற்றுக்குச் சதுரக் கட்டு. அதை க்ளோவ் ஹிட்ச் முடிச்சில் தொடங்கி அதிலேயே முடிக்க வேண்டும். குறுக்கே விலகி நிற்பவற்றை இழுத்துச் சேர்க்க மூலைவிட்டக் கட்டு. அது டிம்பர் ஹிட்ச்சில் தொடங்கும். இரண்டாவது, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் கழிகளுக்கு நடுவே இறுக்கும் சுற்றை மறப்பது. அந்த இரண்டு இறுக்குச் சுற்றுகள்தான் கட்டின் உயிர். அவை இல்லாத மேசை காலையில் நிற்கும், மதியம் ஆடும், மாலையில் சாம்பாரோடு சாயும். மூன்றாவது, கயிறு குறைவாக வெட்டுவது. ஆறு செ.மீ. தடிமனுள்ள இரண்டு கழிகளின் ஒரு கட்டுக்கு நான்கு முதல் ஐந்து மீட்டர் வேண்டும்.

வழுவழுப்பான நைலான் கயிறு கழியில் பிடிக்காது. சைசல் நார்க்கயிறு பிடிக்கும். ஆனால் மழையில் நனைந்து காய்ந்தால் தளரும், எனவே ஒவ்வொரு காலையும் அணித்தலைவர் எல்லாக் கட்டுகளையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பெரியவர் செய்ய வேண்டியது ஒன்றே: இடுப்புக்கு மேல் உயரமுள்ள எதிலும் தான் சோதிக்காமல் யாரையும் ஏறவிடக் கூடாது.

நெருப்பு, விறகு, சமையல்

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் உட்பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை புல் காய்ந்து கிடக்கும். குளிர் முகப்பு வருவதற்கு முன் வீசும் வெப்பமான பெர்க் காற்றில் ஒரு பொறி போதும். 1998ஆம் ஆண்டின் புல்வெளி, காட்டுத்தீச் சட்டப்படி தீ அபாயக் குறியீடு அறிவிக்கப்படுகிறது. அது ஆரஞ்சு அல்லது சிவப்பில் இருந்தால் முகாம் நெருப்பு என்ற பேச்சையே எடுக்காதீர்கள், கேஸ் அடுப்பில் சமையுங்கள். மற்ற நாட்களில் இருக்கும் நெருப்புக் குழியையே பயன்படுத்துங்கள். சுற்றி மூன்று மீட்டர் வரை புல்லும் சருகும் நீங்கியிருக்க வேண்டும். தீக்குச்சி கிழிக்கும் முன்பே பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் நிற்க வேண்டும். அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடுவது தவறு, கங்கு அடியில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றுங்கள். புறங்கையைக் கிட்டத்தில் வைத்தால் சூடே தெரியக் கூடாது.

விறகில் கவனம். வடக்கு நட்டாலின் புதர்க்காடுகளில் தம்போத்தி என்ற மரம் உண்டு. கட்டை அழகாக இருக்கும், வாசனையாகவும் எரியும். ஆனால் அதன் பாலும் புகையும் நஞ்சு. அந்த நெருப்பில் சுட்ட இறைச்சி வாந்தி, வயிற்றுப்போக்கு வரவழைக்கும், புகை கண்ணைக் கெடுக்கும். டர்பன் வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் அரளியும் அப்படியே. அதன் குச்சியில் மார்ஷ்மெலோ குத்திச் சுடுவது சாகசம் இல்லை. அடையாளம் தெரியாத மரத்தை எரிக்காதீர்கள். கடை விறகோடு போங்கள்.

சமையலில் பிள்ளைகள் திணறும் பண்டம் சுகர் பீன்ஸ் என்ற காய்ந்த பீன்ஸ். எட்டுப் பேருக்கு 500 கிராம் போதும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். மொச்சை, பீன்ஸ் வகைகளில் சிலவற்றில் உள்ள ஒரு புரதம் பாதி வேகலில் வயிற்றைக் கலக்கிவிடும். மெல்லிய நெருப்பில் கொதிக்காமலே ஊறும் சட்டிதான் ஆபத்தானது. தக்காளியை முதலிலேயே போட்டால் பீன்ஸ் மென்மையாகவே ஆகாது, புளிப்பு அதன் தோலை இறுக்கிவிடும். வெந்த பின் போடுங்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் அடிவாரம் 1,300 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். வீட்டில் ஒரு மணி நேரத்தில் வெந்தது அங்கே அதைவிடக் கூடுதல் நேரம் கேட்கும். இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் போதும், கரண்டியை வாங்க வேண்டாம்.

குடிநீர் ஓடையிலிருந்து என்றால் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். கொதிக்க வைக்க முடியாதபோது 25 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சாதாரண ஜிக் (வீட்டு ப்ளீச்) கலந்து இரண்டு மணி நேரம் விட்டுவைக்கும் வழி இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாசனை சேர்த்த ஜிக் மட்டும் ஆகாது. கழிவுக்குழியை ஓடையிலிருந்து அறுபது மீட்டருக்கு அப்பால் பதினைந்து, இருபது செ.மீ. ஆழத்தில் தோண்டுங்கள்.

மலையும் மின்னலும்

கோடையில் டிராக்கன்ஸ்பெர்க்கில் மதியத்துக்கு மேல் இடியுடன் மழை வருவது விதிவிலக்கு அல்ல, வழக்கம். காலை ஒன்பது மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி மதியம் இரண்டு மணிக்கு முகட்டில் நிற்பது பெரியவர்கள் செய்யும் தவறு. விடியலில் கிளம்பி மதியத்துக்குள் முகட்டிலிருந்து இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது நொடிக்குக் குறைவு என்றால் உடனே கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருங்கள். கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. தனி மரத்தடியும் ஓடைப் படுகையும் கூடாரம் போடும் இடங்களே அல்ல.

மலைக்காப்பகங்களின் பதிவேட்டில் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதாமல் போகாதீர்கள். நால்வருக்குக் குறைந்த குழுவாகவும் போகாதீர்கள்: ஒருவர் காயமுற்றால் ஒருவர் துணைக்கு நிற்க, இருவர் உதவி தேடப் போகலாம். கைபேசியில் 112 அழைக்கலாம், ஆம்புலன்ஸ் 10177.

பாம்பு கடித்தால் கீறி உறிஞ்சுவது, கட்டு இறுக்குவது, கடித்த பாம்பைத் துரத்திப் பிடிப்பது எல்லாமே தவறு. கடிபட்டவரை நடக்க விடாமல் அசையாது வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். உமிழும் நாகத்தின் நஞ்சு கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரால் கழுவி, அதன் பின் மருத்துவரிடம்.

மதிப்புகள் பேச்சில் நின்றுவிடுவது

உறுதிமொழியை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் புரிந்துகொண்டுவிட்டது என்று எண்ணுவது மிகப் பழைய தவறு. சாரணர் சட்டத்தின் ஒரு வரியை எடுத்து, ‘கடைத்தெருவில் யாரோ தவறவிட்ட கைபேசி கிடைத்தால் என்ன செய்வாய்’ என்று கேளுங்கள். தண்டனையாகப் புஷ்-அப் போட வைக்காதீர்கள். உடற்பயிற்சியைத் தண்டனை ஆக்கினால் பிள்ளைக்கு உடற்பயிற்சியும் பிடிக்காது, உங்களையும் பிடிக்காது. சேவைக்குப் போய்ப் பிரசாதப் பொட்டலம் கட்டும் படம் எடுத்தவுடன் கிளம்புவதும் அப்படித்தான், பாத்திரம் கழுவும் வரை நிற்பதுதான் சேவை.

வரலாற்றை முழுதாகச் சொல்லுங்கள். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் காத்து நின்ற மாஃபெகிங் ஊரின் 217 நாள் முற்றுகையில் (1899–1900) செய்தி சுமந்த சிறுவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில் போராடிப் பட்டினி கிடந்த பரோலாங் என்ற ஆப்பிரிக்க மக்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இந்த நாட்டில் 1936 முதல் வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் என நான்கு தனிச் சாரணர் அமைப்புகள் இருந்ததையும், 1977இல்தான் அவை ஒன்றாயின என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார் என்று வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். சாரணர்கள் இடக்கையால் கைகுலுக்கும் வழக்கத்தையும் முன்கூட்டியே பெற்றோருக்கு விளக்கிவிடுங்கள். இல்லையென்றால் பாட்டிக்கு முன்னால் பேரன் இடக்கையை நீட்டும்போது வீட்டில் வேறு முற்றுகை தொடங்கும்.

பெரியவர்கள் பக்கத்தில் விடவே கூடாத காப்பு ஒன்று உண்டு. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாகக் கூடாரத்திலோ வண்டியிலோ வாட்ஸ்அப் உரையாடலிலோ இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். உதவிக்கு வரும் மாமாவுக்கும் 2005ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் கீழுள்ள தேசியச் சிறார் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் சரிபார்க்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று விடுவதுதான் கதவைத் திறந்து வைப்பது.

நாள்காட்டியிலும் தவறு நடக்கும். ஈஸ்டர் விடுமுறை நீளமானது என்று முகாம் வைத்தால் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்குப் போகும் பாதிப் பேர் வர மாட்டார்கள். புரட்டாசியில் முகாம் என்றால் முழுதாகச் சைவச் சட்டி தனியாக வேண்டும், கரண்டி உட்பட. முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தால் இறைச்சி ஹலால் என்று முதலிலேயே உறுதி செய்யுங்கள்.

முகாம் முடிந்த பின்

ஈரக் கூடாரத்தை மடித்துக் கொட்டகையில் போட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். வந்த நாளே யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் விரித்துக் காய வைக்கட்டும். உண்ணி இருக்கிறதா என்று பிள்ளைகளின் தலை, அக்குள், இடுப்புமடிப்பு பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் தோலுக்கு நெருக்கமாக இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, கடித்த இடத்தில் கறுத்த புண் வந்தால் மருத்துவரிடம் முகாமுக்குப் போன விவரத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நட்டால் கரையோர ஆறுகளில் தேங்கிய நீரில் இறங்கியிருந்தால் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழு நோய்க்கும் அதே விவரம் தேவைப்படும். அதன் அறிகுறிகள் வாரக்கணக்கில் கழித்தே தெரியும்.