ஆர் கிட்டுக்கு வயது 43: ஆங்கில உறவுப்பெயர்களை ஊர் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி?

இங்கிலாந்து வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மான்செஸ்டர்காரர் ஒருவர், பார்சலை "ஆர் கிட்" வந்து வாங்கிக்கொள்வான் என்றார். சின்னப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாதே என்று, "பையனுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டுவைத்தேன். "43" என்றார். அவர் சொன்னது தன் தம்பியை!

பள்ளிக்கூடத்தில் மதர், ஃபாதர், பிரதர், சிஸ்டரோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் அப்படிப் பேசும் வெள்ளைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்குப் பிடிபட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: அம்மாவிலிருந்து தொடங்குங்கள்

லண்டனிலும் தென் இங்கிலாந்திலும் அம்மா என்றால் மம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் அதுவே. அமெரிக்காவில் மாம். ஆனால் மாம் என்றதுமே அமெரிக்கர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் பர்மிங்காமும் அதைச் சுற்றிய ஊர்களும் மாம்தான் சொல்கின்றன. அமெரிக்கப் படம் பார்த்து ஒட்டிக்கொண்ட பழக்கமா என்று மட்டும் அந்த ஊர்க்காரரிடம் கேட்காதீர்கள்.

நியூகாஸில், வேல்ஸ், அயர்லாந்து பக்கம் மேம். நம் காதில் டீச்சரைக் கூப்பிடுவது போல விழும். முன்னால் 'மை' அல்லது 'மீ' ஒட்டியிருந்தால் அம்மா என்று கொள்ளுங்கள்.

மம்மி கொஞ்சம் வில்லங்கமான சொல். இங்கிலாந்தில் பையன்கள் ஓரளவு வளர்ந்ததும் அதை விட்டுவிடுவார்கள். மேல்தட்டுக் குடும்பங்களில் மட்டும் கடைசிவரை விடுவதில்லை. 2002-ல் எலிசபெத் ராணியின் பொன்விழாக் கச்சேரியில், 53 வயது சார்லஸ் மேடையேறி "யுவர் மெஜஸ்டி... மம்மி" என்று பேச்சைத் தொடங்கியதும் கூட்டம் ஆரவாரம் செய்தது. அயர்லாந்தில் இந்த மேல்தட்டு வாடையெல்லாம் கிடையாது. அங்கே வளர்ந்த ஆட்களும் கூச்சமில்லாமல் மேமி என்பார்கள்.

அப்பா விஷயத்தில் பெரிய தொல்லை இல்லை. பெரும்பாலும் டாட், அயர்லாந்திலும் கிளாஸ்கோவிலும் டா. அமெரிக்கத் தென் மாநிலங்களில் தலை நரைத்தவர்கள்கூட அப்பாவை டாடி என்பதைக் கேட்கலாம்.

படி 2: பாட்டி, தாத்தா (இங்கே அவசரப்படாதீர்கள்)

லண்டனிலும் லிவர்பூலிலும் பாட்டியை நேன் என்பார்கள். வட இங்கிலாந்தில் நேனா. ஸ்காட்லாந்தில் கிரான் அல்லது கிரானி. அமெரிக்கத் தெற்கில் மீமா. வட வேல்ஸில் பாட்டி 'நைன்', ஒன்பது என்ற எண்ணைப் போலவே ஒலிக்கும். தென் வேல்ஸுக்குப் போனால் அவரே 'மம்கீ' ஆகிவிடுவார்.

பொறி இருப்பது தாத்தாவில். அமெரிக்கர் ஒருவர் 'பாப்' என்றால் பெரும்பாலும் அப்பா. ஆஸ்திரேலியர் 'நேன் அண்ட் பாப்' என்றால் பாட்டியும் தாத்தாவும். கிளாஸ்கோவில் பல வீடுகளில் 'பாப்பா' என்றாலே தாத்தா. நம் பாப்பாவுக்கு நேர் எதிர் முனை. ஒருவர் தன் பாப் இறந்த செய்தியைச் சொன்னால், துக்கம் விசாரிக்கும் முன் அவர் எந்த நாட்டுக்காரர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தாத்தாவை இழந்தவரிடம் அப்பாவுக்காக வருத்தம் சொன்னால் இருவருக்கும் சங்கடம்.

படி 3: 'எங்க அம்மா'வை நினைத்துக்கொள்ளுங்கள்

'எங்க அம்மா' என்பதை அப்படியே 'அவர் மதர்' (our mother) என்று எழுதி, சிவப்பு மையில் 'மை மதர்' என்று திருத்தம் வாங்காதவர் நம்மில் குறைவு. ஒற்றைப் பிள்ளையும் 'எங்க அம்மா' என்றுதானே சொல்லும்! வட இங்கிலாந்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்களும் 'ஆர் மேம்' என்பார்கள். அந்த 'அவர்' அவர்கள் வாயில் 'ஆர்' என்று தேய்ந்துவிடும். 'ஆர் ஜேக்' என்றால் எங்க வீட்டு ஜேக். 'ஆர் கிட்' என்றால் தம்பியோ தங்கையோ, சில சமயம் அண்ணனேகூட. நியூகாஸிலில் 'ஆர்' இன்னும் மாறி 'வோர்' ஆகும். 'வோர் லேஸ்' என்பது பெரும்பாலும் பேசுகிறவரின் மனைவி அல்லது காதலி.

நிஜமான குழந்தைக்கு ஸ்காட்லாந்திலும் நியூகாஸில் பக்கமும் 'பெய்ர்ன்', கிளாஸ்கோவில் 'வெய்ன்'.

படி 4: அங்கிளைத் திட்டாதீர்கள்

மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரையும் ஒரே அங்கிளில் அடைத்துவிட்டார்களே என்று நாம் சிரிப்போம். பழைய ஆங்கிலம் அப்படி இல்லை. தாய்மாமனுக்கு 'ஏயாம்' என்றும், அப்பாவின் அண்ணன் தம்பிக்கு 'ஃபேடெரா' என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழியாக வந்த அங்கிள் இரண்டையும் விழுங்கிவிட்டது. அந்த அங்கிளுக்கு மூலமான லத்தீன் சொல்லும் முதலில் தாய்மாமனைத்தான் குறித்தது. ஆக, தாய்மாமன் வந்து சித்தப்பாவின் நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டார்.

படி 5: இனி நீங்கள் பேசுங்கள்

உங்கள் அம்மாவைப் பற்றிப் பேச மம், மாம் இரண்டில் ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். எதிராளியின் அம்மாவை, அவர் எந்தச் சொல்லால் சொன்னாரோ அதே சொல்லால் விசாரியுங்கள். அவர் வாயிலிருந்து எதுவும் வராதவரை மதர் போதும். சற்று விறைப்பாகத் தெரியும், தப்பாகாது.

'கசின் பிரதர்' நம் நாட்டு ஆங்கிலம். வெளியே கசின் மட்டும் சொல்லுங்கள். 'கோ-பிரதர்' என்றாலும் அங்கே விழிப்பார்கள். "மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்" என்று நீட்டி முழக்கத்தான் வேண்டும். சகலையை ஒரே சொல்லில் முடிக்கும் கோ-பிரதரை நான் மட்டும் விடுவதாக இல்லை. ஒரு தடவை விளக்கிவிட்டு, அடுத்த தடவையிலிருந்து அதையே சொல்கிறேன்.