கலோரி கணக்கை எண்ணெய்த் தூக்கிலிருந்து தொடங்குங்கள்

எடையைக் குறைக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் கை வைப்பது சோற்றில். நான் எண்ணெயில் கை வைக்கச் சொல்வேன். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. எண்ணெய் முழுக்கவே கொழுப்பு. (பாக்கெட்டில் கிலோகலோரி என்று போட்டிருப்பதைத்தான் நாம் கலோரி என்கிறோம்.)

1. முதலில் உங்கள் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்ட 2020 கணக்குப்படி, உட்கார்ந்தே வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு நாளொன்றுக்கு சுமார் 2,110 கலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1,660. ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இருக்கும். தொடங்குவதற்கு இந்த எண் போதும்.

2. இப்போது மளிகை பில்லை எடுங்கள். மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்? வீட்டில் நான்கு பேர், நான்கு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு லிட்டர், ஏறக்குறைய 910 கிராம். 30 நாளுக்குப் பிரித்தால் தினம் 30 கிராம், அதாவது 270 கலோரி. வெளியில் சாப்பிடும் வடை, பரோட்டா, பிரியாணி இந்தக் கணக்கில் வராது. எதையும் எடை போடாமலே கிடைக்கிற கணக்கு என்பதால் எனக்கு இது பிடிக்கும்.

குறைக்க வழி? தூக்கிலிருந்து நேராக வாணலியில் சாய்க்காமல் டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் சுமார் 40 கலோரி. நான்கு இட்லி ஏறத்தாழ 200தான். பொடிக்கு இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் குழைத்தால் அதற்கு மேல் இன்னொரு 80. கேட்காமலே ஒன்றரை இட்லி தட்டில் விழுந்த மாதிரி. பொடியை விட வேண்டாம், ஒரு டீஸ்பூனில் குழைத்துப் பாருங்கள்.

3. அப்புறம் சோறு. இங்கேதான் சாப்பிட்டதைக் கலோரி கணக்கிடும் மொபைல் ஆப்பில் புதிதாகப் பதிவு செய்பவர்கள் குழம்புவார்கள். 100 கிராம் அரிசிக்கு சுமார் 350 கலோரி. வெந்ததும் தண்ணீரை இழுத்துக்கொண்டு இரண்டரை மடங்குக்கு மேல் எடை கூடிவிடும். அதனால் 100 கிராம் சோறு 130தான். சோற்றை எடை போட்டுவிட்டு அரிசியின் எண்ணைப் பதிந்தால், இல்லாத கலோரியைச் சாப்பிட்டதாகக் காட்டும். ஒரே ஒரு முறை உங்கள் வழக்கமான கரண்டிச் சோற்றை நிறுத்துப் பாருங்கள். பிறகு கரண்டிக் கணக்கே போதும்.

4. டீ, காபி. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை 40 கலோரி. நாளைக்கு நான்கு டீ என்றால் சர்க்கரை மட்டும் 160. பாதியாக்கினால் ஒரு வாரம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான்.

5. மாலைத் தீனி. மிக்சர், முறுக்கு, பிஸ்கட் எல்லாம் 100 கிராமுக்கு 450 முதல் 550 வரை. பாக்கெட்டைத் திருப்பி, அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு முறை சாப்பிடும் அளவுக்கா என்று பாருங்கள். அந்த 'ஒரு முறை' சில சமயம் மூன்று பிஸ்கட்தான்! வெந்த கொண்டைக்கடலை 100 கிராம் சுமார் 160 கலோரி, புரதமும் உண்டு. சுண்டலாகத் தாளித்தாலும் மிக்சரின் பாதிக்குக் கீழேதான் நிற்கும்.

வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணீரும் ஏமாற்றும். மூன்று நான்கு வாரமாகியும் முள் அசையவில்லை என்றால் தினம் இன்னும் 150, 200 கலோரி குறைக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.