பெரிய கோயிலுக்குப் பிள்ளைகளோடு போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோம் ஸ்கூலிங் செய்யும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதல்முறை போனபோது, என் மகள் கல்வெட்டின் மேல் தாளை வைத்து கிரேயானால் தேய்த்தாள். யோசனை கொடுத்தவள் நான்தான். தாள் கிழிந்து, ஆயிரம் வருஷத்து எழுத்தின் பள்ளத்தில் மெழுகு ஒட்டிக்கொண்டது. காவலர் ஓடிவந்து தடுத்தார். அவர் கோபம் முழுக்க நியாயம். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸோ மாவோ எண்ணெயோ தடவுவதும் இதே கெடுதல்தான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

படி எடுக்கும் ஆசையை வீட்டில் தீர்த்துக்கொள்ளலாம். தெர்மாகோல் தட்டில் எழுத்துகளை அழுத்திக் கீறுங்கள். மேலே நனைத்த தாளைப் போர்த்தி, பள்ளத்தில் படியும்படி பிரஷால் மெதுவாகத் தட்டுங்கள். தாள் லேசாக உலர்ந்ததும் மை தொட்ட துணி உருண்டையால் ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கறுப்பாகும். கல்வெட்டு ஆய்வாளர்கள் எடுப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். கோயிலில் பிள்ளைகளுக்குக் கண்ணால் தேடும் வேலை கொடுங்கள். 'ட', 'ப' இரண்டும் இன்றைய வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. இது தெரிந்துவிட்டால் சுவரை விட்டு நகர மாட்டார்கள்.

அடுத்த தவறு, கேட்ட கதையை அப்படியே சொல்லிவிடுவது. 'இந்த விமானத்தின் (கருவறை மேல் எழும் கோபுரத்தின்) நிழல் தரையில் விழாது' என்று நம்மில் பலர் கேட்டே வளர்ந்திருக்கிறோம். விழும். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். காலை பத்து மணியை ஒட்டி ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் நேராக நிறுத்தி அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். 80 சென்டிமீட்டர் வந்தால், விமானத்தின் நிழல் நீளத்தை 0.8 ஆல் வகுத்தால் உயரம் கிடைத்துவிடும். எங்கள் கூட்டம் சறுக்கிய இடம் ஒன்று உண்டு: நிழலின் நுனியிலிருந்து சுவர் வரை அளந்து நிறுத்திவிட்டார்கள். உச்சி நிற்பது நடுவில் அல்லவா? அடித்தளம் பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர். அதில் பாதியை, குறைந்தது 15 மீட்டரை, சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 19 மீட்டர் குறைந்துபோகும். நுனி பக்கத்துச் சன்னதியின் மேல் ஏறிக் கிடந்தால் இன்னும் அரைமணி காத்திருந்து, குச்சியின் நிழலையும் அப்போதே மறுபடி அளந்துகொள்ளுங்கள். வழக்கமாகச் சொல்லப்படும் 216 அடியை வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் போதும்.

உச்சி வெயிலில் கூட்டிப்போகாதீர்கள். வெறுங்காலில் அந்தக் கல்தரையை யாராலும் தாங்க முடியாது. பிரதோஷ நாளில் கூட்டம் நெரியும், அதையும் விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேலைக்கு மேல் வேண்டாம்.

பார்ப்பதையெல்லாம் ராஜராஜன் கணக்கில் எழுதிவிடுவதும் வழக்கமான பிழை. 1010 வாக்கில் எழுந்த விமானம் அவனுடையது. பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, முருகன் சன்னதியும் அப்படியே. அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வந்தது. 'இதில் எது பிந்தி வந்திருக்கும்? எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ராஜாவோடு கதையை முடித்துக்கொள்வது. 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்' (தானும் தன் அக்காள் குந்தவையும் கொடுத்தவை) என்று ராஜராஜன் கல்லிலே வெட்டச் சொன்ன அதே கோயிலில், தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் தெருக்களில் குடியிருந்த ஆடல் மகளிர், 400 பேரின் பெயர்களும் வீட்டு முகவரியோடு இருக்கின்றன. ஒருத்திக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய தானிய அளவு) நெல். 'தெற்குத் தளிச்சேரி தென்சிறகு தலைவீடு நக்கன் சேரமங்கை' (தெற்குத் தெரு, தென்வரிசை, முதல் வீடு) என்று பட்டியல் போகிறது. போன மாதம் தரையில் சார்ட் பேப்பர் விரித்து அந்தத் தெருவை வரைய ஆரம்பித்தோம். முதல் வீட்டில் சேரமங்கையின் பெயரை எழுதி முடித்த ஏழு வயதுப் பையன் நிமிர்ந்து கேட்டான்: "அத்தை, பக்கத்து வீட்டுல யாரு இருந்தா?"

பட்டியலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.