வைரஸ் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் அமைப்பைக் கண்டறிவது எப்படி?

படிகம் வரவில்லையா? படிகமாக்கும் கரைசல்களை மாற்றிக்கொண்டே போவதைவிடப் புரதத்தை மாற்றிப் பார்ப்பது மேல். வைரஸின் மேற்பரப்புப் புரதம் என்றால் சவ்வில் புதையும் பகுதியை மரபணுவிலேயே நீக்கிவிட்டு, வெளியே இருக்கும் பகுதியை மட்டும் உற்பத்தி செய்யுங்கள். அடுத்த தொல்லை அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். அவை மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடுவதால் படிகத்தின் அடுக்கு சீராக அமையாது. புரதத்தை உற்பத்தி செய்யும் ஹெச்இகே 293 என்ற மனித செல்களை, சர்க்கரைச் சங்கிலிகளை ஒரே எளிய வகையில் நிறுத்தும் கிஃபுனென்சின் கலந்து வளர்த்து, பிறகு அச்சங்கிலிகளை எண்டோ-ஹெச் நொதியால் வெட்டினால் ஒவ்வோர் இடத்திலும் ஒற்றைச் சர்க்கரை மட்டுமே மிஞ்சும்.

புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) போன்ற, வைரஸின் மேற்பரப்பில் இல்லாத நொதிகளை உற்பத்தி செய்ய ஈ.கோலை பாக்டீரியாவே போதும். ஆனால் கொரோனாவின் முதன்மைப் புரோட்டியேஸில் என்-முனையில் (புரதச் சங்கிலியின் தொடக்கத்தில்) கூடுதல் அமினோ அமிலங்கள் ஒட்டியிருந்தால் இரட்டை மூலக்கூறாகச் சேர்வது கெடும். தூய்மையாக்கலுக்காகச் சேர்த்த ஹிஸ்டிடின் வாலை முழுதாக வெட்டிவிடுங்கள்.

புரதம் தூய்மையா என்று பார்க்க மின்புல ஜெல்லில் ஒரே பட்டை தெரிந்தால் மட்டும் போதாது, மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிகட்டலிலும் சமச்சீரான ஒற்றை முகடு வர வேண்டும். 10 மி.கி./மி.லி. செறிவில் தொடங்குங்கள். 24 குழித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் 500 மைக்ரோலிட்டர் படிகமாக்கும் கரைசலை ஊற்றி, கண்ணாடி மூடியில் 1 மைக்ரோலிட்டர் புரதத்தோடு 1 மைக்ரோலிட்டர் அதே கரைசலைச் சேர்த்துக் கவிழ்த்து, காற்றுப் புகாமல் மூடுங்கள். பெரும்பாலான துளிகள் உடனே வீழ்படிவானால் செறிவைப் பாதியாக்குங்கள். எல்லாம் தெளிவாகவே இருந்தால் இரட்டிப்பாக்குங்கள். புரதக் கரைசலின் அமிலத்தன்மையை நிலையாக வைக்கப் பாஸ்பேட் தாங்கல் (பஃபர்) வேண்டாம். படிகமாக்கும் கரைசலில் கால்சியமோ மெக்னீசியமோ இருந்தால் அது பாஸ்பேட்டோடு சேர்ந்து அழகான உப்புப் படிகம் வந்து ஏமாற்றும். ஊசியால் தொட்டால் உப்பு கடினமாக நிற்கும், புரதம் பொடிந்துவிடும்.

படிகம் ஊசிக்கொத்தாக மட்டும் வந்தால் அதை நசுக்கி, 100 முதல் 1000 மடங்கு நீர்த்து, வீழ்படிவாக்கி (புரதத்தைக் கரைசலிலிருந்து வெளியேற்றும் பொருள்) சற்றுக் குறைவான துளிகளில் விதையாகச் சேர்க்கலாம். பெரும்பாலும் இதுவே கைகொடுக்கும்.

படிகத்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்குமுன், பனிக்கட்டி உருவாகாமல் காக்கும் கிளிசரால் 20-25% கலந்த தாய்க்கரைசலில் (படிகம் வளர்ந்த கரைசல்) முக்குங்கள். படிகம் விரிசல் விட்டால் கிளிசராலை 5% வீதம் படிப்படியாக ஏற்றுங்கள். எக்ஸ்-கதிர்ச் சிதறல் படத்தில் 3.9, 3.67 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இடங்களில் வளையம் தெரிந்தால் அது பனிக்கட்டி.

வலுவான எக்ஸ்-கதிர் தரும் சின்க்ரோட்ரான் நிலையத்தில் படிகத்தை 0.1 பாகை வீதம் சுழற்றித் தரவெடுங்கள். படத்தில் பதிவாகாத அலைக் கட்டத்தைக் (ஃபேஸ்) கண்டுபிடிக்க இப்போது, புரத வடிவைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளின் மாதிரியே பல நேரம் போதும். நம்பகம் குறைந்த வளைவுகளை மட்டும் முதலில் வெட்டிவிடுங்கள். மாதிரியைச் சரிபார்க்க 5% பிரதிபலிப்புகளை (படத்தில் பதிவான சிதறல் புள்ளிகள்) ஒதுக்குவது வழக்கம். ஒரே புரதம் பல நகல்களாக வரும் வைரஸ் உறைகளில் அவற்றைத் தற்செயலாகப் பொறுக்காமல் மெல்லிய ஓடுகளாக (ஒரே பிரிதிறன் அளவில் உள்ளவற்றைச் சேர்த்து) ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் சமச்சீர் வழியே தகவல் கசிந்து, ஒதுக்கிய தரவோடு மாதிரி எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் ஆர்-ஃப்ரீ பொய்யாகக் குறைந்து காட்டும்.